பெட்டி பஸ்லயே இருக்கட்டும்

"பெட்டி படுக்கை எல்லாம் பஸ்லயே இருக்கட்டும். செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிடுங்க. காய்ஞ்ச மணல்ல கால் புதையும், ஈர மணல்ல நடங்க. முக்கியமா, அலைக்கு முதுகைக் காட்டாதீங்க."

மைக்கில் சொல்லி முடித்துவிட்டு கைடு திரும்பினாள். பஸ்ஸின் பின்பக்கம், டூருக்குத் தனியாக வந்திருந்த தையற்கார அம்மா, தன் பெட்டியை இறக்கச் சொல்லி டிரைவரிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

கைடுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கடலோர டூர் கிளம்பியதிலிருந்து இதே கூத்துதான். அதுவும் சாதாரணப் பெட்டியா? பெரிய ரப்பர் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் கயிறு போட்டுக் கட்டிய ராட்சதப் பெட்டி.

"உள்ள என்னம்மா, கல்லா வச்சிருக்கீங்க?" என்று டிரைவர் ஒவ்வொரு தடவையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"ஆமா தம்பி" என்று சிரிப்பார் தையற்கார அம்மா.

முதல் கடற்கரையில் நாலடி போவதற்குள் சக்கரம் மணலில் புதைந்துபோனது. அடுத்த கடற்கரையில் கூழாங்கல்லில் மாட்டிக் குடைசாய்ந்தது. இரண்டு இடத்திலும் நாலு பேர் போய் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாவோ கடலை எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்க வேண்டுமே!

"நகை ஏதாவது வச்சிருக்கும்" என்று பஸ்ஸுக்குள் குசுகுசுப்பு.

பேங்க் சாருக்கு அதுதான் தாங்கவில்லை. "நான் ரிட்டயர்டு மேனேஜர். ஊர் நகையெல்லாம் எங்க லாக்கர்லதான் இருந்துச்சு. நம்ம மேல நம்பிக்கை இல்லையாமா? இந்தப் பெட்டியால எல்லா இடத்துலயும் லேட்டு. உங்க ஆபீஸுக்குப் புகார் எழுதத்தான் போறேன்."

இன்னொரு புகார் வந்தால் மலை ரூட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று முதலாளி கைடிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மலையில் ரெண்டு வளைவு திரும்பினாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கடலோர ரூட் இது.

இன்று கடைசி இடம். என்ன ஆனாலும் சரி, பெட்டி இறங்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள்.

"அம்மா, மைக்ல சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்."

"கேட்டுச்சும்மா."

"அப்புறம்? பெட்டியை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. டிரைவர் இங்கயேதான் இருப்பார்."

"இன்னிக்கு விட்டா வேற கடற்கரை இல்லையே. தம்பிக்குக் கஷ்டம் வேணாம், நானே இறக்கிக்கிறேன்."

சொன்னபடியே பெட்டியை அணைத்துப் பிடித்து, தினமும் செய்கிற வேலை போல அலுங்காமல் இறக்கினார். கைடு குறுக்கே போய் நின்றாள்.

"நகரும்மா" என்றார் தையற்கார அம்மா. குரலில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. கைடு நகர்ந்துவிட்டாள். ஏன் நகர்ந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

எல்லோரும் மணலில் இறங்க, அந்த அம்மா மட்டும் படகு இறக்கும் சிமென்ட் சரிவைத் தேடிப் போனார். கைடு பின்னாலேயே ஓடினாள். சரிவு முடிகிற இடத்தில் ஈர மணல் இறுகிக் கிடந்தது. பெட்டி அதன்மேல் எங்கும் மாட்டாமல் உருண்டு, நேரே தண்ணீர் ஓரத்தில் போய் நின்றது.

ஓர் அலை வந்தது. தையற்கார அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார். சக்கரம் மட்டும் நனைந்தது.

"பெட்டிக்கு மட்டும் கடலைக் காட்டணும்னு வேண்டுதலாம்மா?" என்று கைடு வெடித்தாள். "உங்களால என் வேலைக்கே ஆபத்து வந்திருக்கு. அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?"

அந்த அம்மா கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெட்டுத் துணியில் சுற்றி அடுக்கிய செங்கற்கள்.

"என் பொண்ணு எடைம்மா. நிறுத்துதான் அடுக்கினேன். சக்கரமும் அவ நாற்காலியோடதுதான்."

கைடு குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு நடக்க வராது. போன வருஷம் கடலுக்குக் கூட்டிட்டுப் போனோம். மணல்ல நாற்காலி மாட்டிக்கிச்சு. அங்க இருந்தவங்க ஓடி வந்து தூக்குனாங்க, பாவம், நல்ல மனசோடதான். ஆனா 'மூட்டையாட்டம் தூக்கிட்டாங்களேம்மா'ன்னு அவ அழுத அழுகை இருக்கே... இனிமே கடலே வேணாம்னுட்டா. யாரும் தூக்காம நீயே உருட்டிட்டுப் போற இடம் ஒண்ணு இருக்கும், அதை நான் பார்த்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்." ஈர மணலைக் காலால் அழுத்திப் பார்த்தார். "இருக்கு பாரு."

"இங்க என்ன அரட்டை?" சரிவின் மேலிருந்து பேங்க் சார் கத்தினார். "நான் புகார் எழுதவா, வேணாமா?"

"எழுதிக்கோங்க சார்" என்றாள் கைடு, திரும்பாமலேயே. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடிக் கயிற்றைக் கட்டினாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. நீங்களாவது காலை நனைச்சுக்கோங்கம்மா."

அடுத்த அலை வந்தது. தையற்கார அம்மா அதற்கும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அவளுக்கு முன்னாடி நானா?"