ஓநாய்னு போடு

“‘நம் முதலாளி ரத்தம் உறிஞ்சும் அட்டை’ன்னு ஆரம்பிச்சிருக்கேன் ஐயா” என்றார் டைப்பிஸ்ட்.

“அட்டை போதாதுய்யா. ஓநாய்னு போடு. கூட்டம் விசிலடிக்க வேண்டாமா?” என்றார் பெரியவர். நாளை ஆலை வாசலில் சங்கத் தலைவர் பேசப்போகும் உரை அது.

டைப்பிஸ்ட் தயங்கினார். “வெட்டு மெஷினுக்குத் தடுப்புத் தகடு மாட்டணும்னு ஒரு வரி சேர்க்கலாங்களா? போன மாசம் என் தங்கச்சிக்கு மூணு விரல் போச்சு. இன்னும் அந்த மெஷின்லதான் நிக்கிறா.”

“பாவம்தான். ஆனா உலகத்தையே புரட்டிப்போடுற பேச்சுல தகரம் கேட்டா சப்புன்னு ஆயிடாதா? ‘சுரண்டலை வேரறுப்போம்’னு அடி. உன் தங்கச்சி விரலும் அதுல அடக்கம்.”

டைப்பிஸ்ட் அடித்தார். சுரண்டல் ஒரே வரியில் ஒழிந்தது.

அப்போது சட்டையில் சங்கச் சின்னத்தோடு தலைவர் உள்ளே வந்தார். உரையை வாங்கிப் படித்ததும் அவர் முகம் வெளிறியது.

“என்ன முதலாளி இது? உங்களைப் போய் ஓநாய்னு எப்படிங்க நான் சொல்வேன்?”

“கூச்சப்படாம திட்டுய்யா” என்று பெரியவர் அவர் தோளைத் தட்டினார்.

“நடுவுல யாராவது எழுந்து தகடு கேட்டா?”

“கேக்க விடாதே. கோஷம் போட வை.”

மறுநாள் ஆலை வாசல் அதிர்ந்தது. தொண்டை கிழியக் கோஷம் போட்டவர்களில் முதல் ஆள் டைப்பிஸ்டின் தங்கைதான்.