மூன்று பொட்டலம் சாக்பீஸ்

சாக்பீஸ் விரல்களுக்கிடையில் இருந்தது. என்ன எழுதுவது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மேசைமேல் மூன்று பொட்டலங்கள். அ, ஆ, இ. எது எந்தக் கடை அனுப்பிய மாதிரி என்று கொள்முதல் குழுவில் யாருக்கும் தெரியாது.

விலை மட்டும் தெரியும். ‘அ’ எல்லாவற்றிலும் குறைவு.

குறைந்த விலைதான் வாங்க வேண்டும். வேண்டாமென்றால் காரணம் வேண்டும். குழுவில் எல்லோரும் கண்ணால் பார்த்த காரணம்.

அதற்காக வருடம் ஒருமுறை பேராசிரியர்கள் பலகையில் எழுதிப் பார்த்தார்கள். எழுதி, அழித்து, கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அடுத்த வருடம் வெள்ளைப் பலகை வந்துவிடும். சாக்பீஸுக்கு இதுதான் கடைசிக் கூட்டம்.

வணிகவியல் ரெஜினா ‘அ’வில் எழுதியாயிற்று. ஒன்று முதல் பத்து வரை.

“பல்லு கூசுது சார். நீங்க எழுதிப் பாருங்க.”

“விலை கம்மி மேடம்,” என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர் தங்கதுரை.

“கிளாஸ்ல நின்னு எழுதப் போறது நீங்களா, நானா?”

“ஆடிட்டுக்குப் பதில் எழுதப் போறது நான்தானே.”

மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த முதல்வர் லேசாகச் சிரித்தாள்.

அவள் மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் நாள் எல்லோரையும் கும்பிட்டதுபோல் அவனையும் கும்பிட்டாள்.

“புவியியலா சார்? நல்லது.”

அதற்குமேல் ஒன்றுமில்லை.

இருவரும் இதே கல்லூரியில் படித்தவர்கள். ஒரே பஸ்ஸில் வந்துபோனவர்கள். இங்கே யாருக்கும் அது தெரியாது.

அவளுக்காவது ஞாபகம் இருக்கிறதா. ஒரு மாதமாக அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கேட்டிருக்கலாம். முதல்வரிடம் கேட்கிற கேள்வியா அது.

அவன் பலகைப் பக்கம் திரும்பினான். வழக்கமாகக் கல்லூரியின் பெயரை எழுதுவான். நீளமான பெயர். இந்தக் கோடியில் தொடங்கினால் அந்தக் கோடியில்தான் முடியும்.

கை வேறு எதையோ எழுதியது.

புளியங்குளம்

ஒத்தப்பாலம்

செங்கல்சூளை

காலேஜ்

கண்டக்டர் சத்தம் போடுகிற அதே வரிசையில்.

எழுதி முடித்துப் படித்தபோதுதான் முதுகு வியர்த்தது.

படியில் அவன் தொங்கிக்கொண்டு வருவான். படியை ஒட்டிய ஜன்னலில் அவள். நிற்கிறவர்கள் நோட்டெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் போய்ச் சேரும். அவள் மடியில் ஏழெட்டு நோட்டு இருக்கும்.

அவனுடையது எப்போதும் அடியில் இருக்கும்.

எல்லோரும் வாங்கிக்கொண்டு போனபிறகு, கடைசியாக அவன் கைக்கு வரும். அட்டை வெதுவெதுப்பாக இருக்கும்.

துணியை எடுத்து அழித்தான்.

மாவு உதிர்ந்தது. எழுத்து போகவில்லை.

மறுபடி தேய்த்தான். சாக்பீஸில் ஏதோ கல் இருந்திருக்க வேண்டும். பலகையைக் கீறியிருந்தது.

தங்கதுரை எழுந்து வந்து துணியை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். நான்கு பெயரும் அங்கேயே இருந்தன.

“என்ன சார், எங்க ஊர் பஸ்ஸ எழுதியிருக்கீங்க? நான் செங்கல்சூளைக்காரன். அந்த பஸ்ஸ நிறுத்தி எவ்வளவோ காலமாச்சே.”

“சும்மா எழுதினேன்.”

“சும்மா எழுதினது நல்லதாப் போச்சு,” என்றாள் ரெஜினா. “அழியல. காரணம் கிடைச்சிருச்சு. மேடம் வந்து ஒருதடவை பாத்துட்டா போதும்.”

முதல்வரின் நாற்காலி நகர்ந்தது.

அவள் வந்து பலகைமுன் நின்றாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே.

பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

‘ஆ’ பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது.

“இதையும் பாத்துருவோம்,” என்றாள்.

ஒத்தப்பாலத்துக்கும் செங்கல்சூளைக்கும் நடுவில் இடமில்லை. அவள் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, அதன் முனையில் எழுதினாள்.

கண்மாய்க்கரை

சத்தமே இல்லை. சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போனது.

தங்கதுரை சிரித்துவிட்டார்.

“மேடம், கண்மாய்க்கரையில பஸ் நிக்காது. அங்க ஏற ஆளுமில்ல, எறங்க ஆளுமில்ல. தண்ணியும் கருவேல மரமும்தான்.”

“ஒருநாள் நின்னுச்சு,” என்றாள்.

எந்த நாள் என்று அவனுக்குத் தெரியும். மேலே மின்விசிறி சுற்றியது. பலகையிலிருந்து மாவு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

ரெஜினா துணியை உதறி அவனிடம் நீட்டினாள்.

“நீங்களே அழிச்சுக் காட்டுங்க சார். இது அழிஞ்சா இதையே வாங்கிரலாம்.”

அவன் துணியை வாங்கிக்கொண்டான்.

இரண்டாக மடித்தான். அதை மறுபடி மடித்தான்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவளும்.