பத்து மணி மழை

பளிச்சென்ற வெயில். காப்பீட்டு அலுவலகத் தோட்டத்தில், சோளம் கருகிப்போன இரண்டு ஏக்கர்க்காரி குடையும் கையுமாக நிற்கிறாள். எதிரே இடுப்புயரக் கம்பத்தில் மழைமானி மினுங்குகிறது. சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்க, இது மட்டும் தினமும் மழை என்று பதிந்திருக்கிறது. அதனால் வறட்சி இழப்பீடு கிடையாது என்கிறார்கள். அந்தப் பணம் வந்தால்தான் வறட்சி தாங்கும் விதை வாங்கி மறுபடி விதைக்க முடியும். "மெஷின் பொய் சொல்லாதும்மா," என்கிறார் மேலாளர். "மேகமே இல்லாம குடை வேற!"

"பதிவைப் பாத்தேன் சார். தினமும் சரியா பத்து மணிக்கு மழை. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

மணி பத்து. தோட்டக்காரர் ஏதோ முனகிக்கொண்டே குழாயைத் திறக்கிறார். ரோஜாச் செடிகளுக்கான தெளிப்பான் சீறிச் சுழன்று, மழைமானியின் வாய்க்குள் சடசடவென்று பொழிகிறது. சின்னத் திரையில் எண்கள் ஏறுகின்றன. மேலாளரின் மூக்குக்கண்ணாடியெல்லாம் துளிகள்.

"அண்ணே, உங்களுக்கு என்னிக்கு லீவு?"

"ஞாயித்துக்கிழமைம்மா. ஏன்?"

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையில் ஏறும் எண்களைக் குனிந்து பார்க்கிறார். அவள் நிதானமாகக் குடையை விரிக்கிறாள். மறு கையில் இழப்பீட்டு விண்ணப்பம், ஒரு சொட்டுகூடப் படாமல்.

"குடைக்குள்ள வாங்க சார். கையெழுத்துப் போடும்போது பேப்பர் நனையக் கூடாது."