நாற்பத்தொரு சிவப்புக் கொடிகள்

பாய்மரப் படகுக் கிளப்பில் உயிரோடு இருந்த உறுப்பினர்கள் இரண்டே பேர். மற்ற நாற்பத்தொரு பேரும் செத்து வருஷக்கணக்காகிறது. ஆனால் அவர்களுடைய குரலும் குணமும் ஓட்டுரிமையும் அவரவர் படகில் பத்திரமாக இருந்தன.

அன்று சாயங்காலம் அவசரக் கூட்டம். படகுகளைக் கட்டி அவிழ்க்கும் சந்தியாகு, படகுத்துறையில் கைகட்டி நின்றான். கடல் அவனுடைய குப்பத்துக்குள் புகுந்துவிட்டது. மழை ஓயும்வரை அந்த அறுபது குடும்பங்களும் கிளப் மாடியில் தங்கிக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

செயலாளர் மாலினி அம்மாள் கையைத் தூக்கினார். உயிரோடிருந்த இன்னொருவரும் தூக்கினார்.

வேண்டாம் என்கிற படகு சிவப்புக் கொடி ஏற்றவேண்டும். அது கிளப் வழக்கம். அன்று காலையில்தான் சந்தியாகு எல்லாக் கொடிக்கயிறுகளையும் சிக்கெடுத்து, கப்பிகளுக்கு எண்ணெய் விட்டிருந்தான். நாற்பத்தொரு கொடிகளும் வழுக்கிக்கொண்டு மேலே போயின.

"என்னால ஒண்ணும் பண்ண முடியல சந்தியாகு," என்றார் மாலினி அம்மாள்.

அவன் வாசலுக்கு நடந்தான். கேட்டுக்கு வெளியே மூட்டை முடிச்சோடு குப்பமே நின்றது. முன்னால் நின்ற அவன் மனைவி ரெஜினா, "என்னங்க, உள்ள வரச் சொல்லிட்டாங்களா?" என்றாள்.

அவன் வாய் திறப்பதற்குள் அருணகிரி ஐயாவின் படகு கூப்பிட்டது. அவன் மகள் கல்யாணத்துக்கு வந்து மோதிரம் போட்ட மனிதர். குரலில் அதே கனிவு.

"சந்தியாகு, போறதுக்கு முன்னாடி என் கயிறைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிட்டுப் போப்பா. ராத்திரி தண்ணி ஆளுயரத்துக்கு ஏறுமாம்."