மாமியார் வரும் மண்டபம்

"மூலையில் ரெண்டு வடையும் சேர்ந்ததே மாமியார் வரும் மண்டபம்" என்று திரை எழுதியது.

ஸ்வர்ணலதா டீச்சர் சொன்னதென்னவோ, மூளையும் தண்டுவடமும் சேர்ந்ததே மைய நரம்பு மண்டலம் என்றுதான்.

பத்தாம் வகுப்பு ஒரு கணம் வாயைப் பிளந்தது. அப்புறம் கூரையைப் பிய்த்துக்கொண்டு சிரிப்பு கிளம்பியது.

திரைக்கு முதுகைக் காட்டி நின்ற டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புடவை எங்காவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகுதான் திரும்பிப் படித்தார்.

உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிக்கக் கூடாது. அதுவும் இன்றைக்குச் சிரிக்கவே கூடாது.

தேனாம்பேட்டையில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய திரை வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பேசப் பேச அதைத் தமிழில் எழுதிக் காட்டும் வித்தையை டீச்சர் தானாகவே தேடிப் பிடித்தார். ஈக்காட்டுத்தாங்கல் வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவே பேசிப் பேசிப் பழகினார். கழுத்தருகே குத்திக்கொள்ள ஒரு குட்டி மைக்கும் வாங்கினார். தலைமையாசிரியர் கணேசமூர்த்தியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"ஒரே ஒரு பீரியட் தரேன் டீச்சர். பசங்க ஆட்டம் போட்டாங்கன்னா, அன்னியோட மூட்டை கட்டிடணும்."

அந்த ஒரே ஒரு பீரியட்தான் இது.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சூடான பாத்திரத்தில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அது அனிச்சைச் செயல் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"அது அண்ணி செய்யல" என்று திரை சாட்சி சொன்னது.

பெஞ்சுகள் அதிர்ந்தன.

"நியூரான்!" என்றார் டீச்சர், பேச்சை மாற்றுகிறவர் போல.

"நீ யாருடா" என்று திரை திருப்பிக் கேட்டது.

அதட்டி அடக்கலாம் என்று கடைசி பெஞ்சை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. கழுத்தில் மைக் இருப்பதை மறந்துவிட்டார். கடைசி பெஞ்சில் செம்பியன் பக்கத்துப் பையனிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது, அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் கொட்டை எழுத்தில் வந்து நின்றது.

"இன்னா மச்சி, மண்டபத்துல வடை மட்டும்தானா, பாயசம் இல்லியா"

ஓர் எழுத்துப் பிழை இல்லை. பாடப்புத்தகத் தமிழுக்கு அப்படித் தடுக்கி விழுந்த இயந்திரம், செம்பியன் பேச்சை மட்டும் அவன் தெருவிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி எழுதியிருந்தது.

அதற்கு மேல் டீச்சரால் முடியவில்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து வகுப்பில் அவர் இப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பையும் திரை விடவில்லை. "காக்கா காக்கா காக்கா" என்று எழுதிக்கொண்டே போனது.

போதும், அணைத்துவிடலாம் என்று மேஜைக்கு ஓடினார். மவுஸில் கை வைத்தவர், நிமிர்ந்து முதல் பெஞ்சைப் பார்த்தார்.

கையை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் வாசலில் கணேசமூர்த்தி நிற்பது தெரிந்தது.

வகுப்பு கப்பென்று அடங்கியது. முதல் பெஞ்சில் லாவண்யா, விழுந்துவிட்ட பேனாவைத் தேடுகிறவள் போல மேஜைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டாள்.

"இது வகுப்பறையா, சந்தைக்கடையா?"

அவர் குரலுக்கு மைக் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாசலில் இருந்தே எட்டியது.

"இது வகுப்பறையா சாத்துக்குடியா" என்று எழுதியது திரை.

ஒருவரும் மூச்சு விடவில்லை. செம்பியன் சட்டைக் காலரை வாயில் திணித்துக்கொண்டான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது.

அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு சிரிப்பு எழுந்தது. எதற்கும் பயப்படாத, உரத்த, எந்தச் சுருதியிலும் சேராத சிரிப்பு.

ஃபிசா.

லாவண்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணேசமூர்த்தி அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"அணைச்சிடவா சார்?" என்றார் டீச்சர், பாதிக் குரலில்.

"எதுக்கு? நாளைக்கும் போடுங்க."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார். வராந்தாவின் கடைசி வரைக்கும் அவர் தோள் குலுங்கிக்கொண்டே போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் வகுப்பில் மொத்தமாக வெடித்தது.

மேஜைக்கு அடியிலிருந்து தலையை எடுத்த லாவண்யாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. சார் திட்டியது அவள் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? திரையில் அந்த வரி அதற்குள் மேலேறி மறைந்துவிட்டிருந்தது. ஃபிசாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி? இன்னா எழுதிச்சு? சொல்லுடி!"

டீச்சர் மேஜையோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஃபிசாதான் அப்படி இழுப்பாள். வகுப்பே சிரித்து ஓய்ந்தபிறகு, லாவண்யாவின் கையைப் பிடித்து இழுத்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். லாவண்யா சில நாள் மெதுவாக வாயசைத்துச் சொல்வாள். சில நாள், அப்புறம் சொல்கிறேன் என்பாள். மறந்தும் போவாள்.

பிறந்ததிலிருந்தே காது கேட்காத ஃபிசா, கண்ணைத் துடைத்துக்கொண்டு லாவண்யாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முதலில் தன் மேலுதட்டில் விரலால் பெரிய மீசை ஒன்றை வரைந்தாள். பிறகு காற்றிலிருந்து ஒரு சாத்துக்குடியைப் பறித்து, அவசரமே இல்லாமல், தோலை உரிக்க ஆரம்பித்தாள்.