வெள்ளை வந்தால் வாங்கலாம்

பூசாரி கைக்குப் போய்ச் சேரும்வரை பூப்பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கீதாவுக்கு அது தெரியாததில்லை. தெரிந்துதான் நாரை அவிழ்த்தாள்.

புருசன் மோகன்குமார் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மாமனார் பாலுசாமி கோயில் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பொட்டலமும் இருந்த தட்டு அவள் கையில்.

ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி இருக்க வேண்டும். பூசாரி எடுப்பதில் வெள்ளை வந்தால் லேப்டாப்பை இன்றைக்கே வாங்கலாம். செவ்வரளி வந்தால் அடுத்த மாடல் வரும்வரை பொறுக்க வேண்டும்.

தண்ணீருக்குப் போர் போடுவதற்கும் பெண் எடுப்பதற்கும் அம்மனிடம் பூக்கேட்கிற குடும்பம் அது. லேப்டாப்புக்கும் கேட்டால் என்ன என்று ஆரம்பித்து வைத்தவன் மோகன்குமார். பூப்பறித்தவனும் அவன்தான். கதவைச் சாத்திக்கொண்டு வாழையிலையில் மடித்துக் கட்டியவனும் அவன்தான்.

சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

எட்டு மாதமாக அவன் வாயில் ஒரே பாட்டு. "தீபாவளிக்குப் புதுசு வருதாமா கண்ணு, பொறுத்து வாங்குவோம்." தீபாவளி போயிற்று. பொங்கலுக்கு வேறு சிப்புப் போட்டு வருகிறதாம். பொங்கலும் போயிற்று. இப்போது சித்திரைக்கு வருகிறதாம். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

மாடல் வந்துகொண்டேதான் இருக்கும். வேலை காத்திருக்குமா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று, துணிக்கு எம்பிராய்டரி டிசைன் வரைந்து தர அவளை எடுத்திருந்தது. தொண்டாமுத்தூரை விட்டு நகர வேண்டாம், வீட்டிலிருந்தே வரையலாம். சொந்தமாகக் கம்ப்யூட்டர் மட்டும் இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் இல்லையென்றால் வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்களாம். இன்று வெள்ளி.

பொண்டாட்டி நாலு காசு சம்பாதிப்பது பிடிக்காத ஆள் என்று கீதா முடிவே கட்டியிருந்தாள். இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்திருப்பான். இருக்கட்டும். ஒன்றில் மாற்றி வைக்க அவளும் முந்தானையில் ஒரு வெள்ளை அரளியை முடிந்துதான் கொண்டுவந்திருந்தாள்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை.

பரவாயில்லையே, நியாயமாகத்தான் கட்டியிருக்கிறான் என்று நினைத்தபடி அடுத்ததைப் பிரித்தாள்.

அதுவும் வெள்ளை.

தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. அடுத்த மாடல் வரட்டும் என்று அவன் சொன்ன ஒவ்வொரு தடவையும் மாமனார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தொண்டையைச் செருமுவார், உடனே இவன் வாயில் மாடல் வரும்.

அட கூறுகெட்ட மனுசா! அப்பாவிடம் சொல்லப் பயம், சரி. கட்டினவளிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே. எட்டு மாதமாக அவனை என்னென்னவோ நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டையும் இருந்தபடியே மடித்துக் கட்டினாள்.

"கொண்டா கண்ணு, தட்டை நானே எடுத்துட்டு வாரேன்."

பாலுசாமிதான். தட்டை வாங்கிக்கொண்டு, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பூசாரி வெள்ளியங்கிரியிடம் கொடுத்தார். மோகன்குமாரும் கற்பூரத்தோடு வந்து சேர்ந்தான்.

பூசாரி தட்டை அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, வெளியே கொண்டுவந்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நிதானமாகப் பிரித்தார்.

செவ்வரளி.

"பொறுக்கச் சொல்லிப்போட்டா ஆத்தா!" பாலுசாமி பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கீதா அந்தச் சிவப்பையே பார்த்தாள். வைக்காத பூ எப்படி வரும்? பொட்டலத்தைப் பிரித்ததற்கு அம்மன் கோபித்துக்கொண்டாளோ? திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சிவப்பே வைக்கவில்லை என்று அவனுக்கும் தெரியும், வாயைத் திறந்தால் தன் திருட்டு வெளியே வந்துவிடும்.

திறந்துவிட்டான்.

"பூசாரிங்க, அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப்போடுங்க."

"அப்படி வழக்கமில்லீங்களே..."

பூசாரி சொல்லி முடிப்பதற்குள் பாலுசாமியின் கை பாய்ந்து போய்ப் பொட்டலத்தைப் பொத்திக்கொண்டது.

கோயிலைச் சுற்றும்போது இரண்டையும் சிவப்புப் பொட்டலமாக மாற்றியது யாரென்று கீதாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கைதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே.

"உங்கண்ணன் லேப்டாப்பு வாங்கின ஆறே மாசத்துலடா," என்றார் பாலுசாமி கடைசியில். "மடிச்சுப் பையில போட்டுட்டு பெங்களூர் போனவன், தீபாவளி நோம்பிக்குக்கூட வாரதில்ல. நீங்களும் அதைத் தூக்கிட்டு ஒரு நாளைக்குப் போயிருவீங்க. அந்தப் பெரிய ஊட்ல நா மட்டும் உக்காந்துட்டு என்னடா பண்றது?"



கீதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது. வேலையை விட்டுக்கொடுக்க மட்டும் மனசு வரவில்லை.

"அப்படீன்னா லேப்டாப்பே வேண்டாமுங்க மாமா," என்றாள். "மேசை மேல வெக்கிற பெரிய கம்ப்யூட்டரா வாங்கிக்கலாமுங்க. உங்க நாற்காலிக்குப் பக்கத்துலயே போட்டுக்கறேன். அதைத் தூக்கிட்டு நாங்க எங்கீங்க போறது?"

பாலுசாமி மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். பொட்டலத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அது எத்தனை கிலோ இருக்கும் அம்மணி?"