கையெழுத்துச் சோதனை

ஜெயமங்கலத்துக்குப் பெண் பார்க்க வந்த கருத்தக்கண்ணனுக்குக் கையெழுத்தை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவதில் பெருமை. மகன் அருண்பாண்டியும் பெண் யுவராணியும் மாடியில் தனியாகப் பேசிவிட்டு இறங்கியதும், “ஏதாச்சும் ஒரு வரி எழுதிக் குடு ஆத்தா” என்றார்.

உள்ளே போன யுவராணி ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

‘எனக்கு விருப்பமில்லை. என் பெயர் வராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.’

கருத்தக்கண்ணனுக்கு ரத்தம் கொதித்தது.

“எழுத்தா இது? நடுக்கத்துல கோணிக்கிட்டுக் கெடக்கு! மூஞ்சிக்கு நேராச் சொல்லத் தைரியமில்லாத கோழை எழுத்து. இதைக் கட்டிக்கிட்டா எந்தக் குடும்பம் வெளங்கும்? வளத்தவுகளைச் சொல்லணும்!”

யுவராணி கண் சிவக்க நிமிர்ந்தாள்.

“வளத்தவுகளைத்தான் சொல்லணும் மாமா. மாடியில வச்சு உங்க மகன் என் கையில திணிச்ச சீட்டு அது.”